ஒரு காதுக்கு இருவர்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

பாப்பா எழுதுகிறேன். நாற்பதை நெருங்கியும் நம் வீட்டில் நான் பாப்பாதான். கிழவியானாலும் பாப்பாக் கிழவி என்றுதான் கூப்பிடுவீர்கள் போலிருக்கிறது.

போனில் தட்டிவிட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். தட்டினால் அடுத்த நிமிடமே "சரி பண்ணிடலாம் பாப்பா" என்று பதில் போட்டு என் வாயை அடைத்துவிடுவீர்கள். இது கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

கருவி மக்கர் பண்ணுகிறது. தலைக்குள் புதைத்த பாகத்தைச் சொல்லவில்லை. காதுக்கு மேல் மாட்டிக்கொள்கிறேனே, வெளியே இருக்கிற சத்தத்தைப் பிடித்து உள்ளே அனுப்புகிற பாகம், அது. நினைத்தால் கேட்கிறது, நினைத்தால் நின்றுவிடுகிறது. முதலில் பேட்டரி என்று நினைத்தேன். மாற்றிப் பார்த்துவிட்டேன். தலையைச் சாய்த்தால் வருகிறது, நிமிர்ந்தால் போகிறது. பஸ் நிலைய விசாரணைக் கவுண்டரில் நான் தலையைச் சாய்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கழுத்துச் சுளுக்கா என்று டிரைவர்கள் கேட்கிறார்கள்.

போன வாரம் ஒரு பெரியவர் வந்து ஊர்ப் பெயரைச் சொன்னார். பாதி வார்த்தையில் சத்தம் அறுந்துபோனது. கண்ணாடியில் வெளிச்சம் அடித்ததால் உதடும் தெரியவில்லை. திரும்பக் கேட்க வெட்கப்பட்டு, குத்துமதிப்பாக நான்காவது நடைமேடை என்று சொல்லிவிட்டேன். பாவம், எங்கேயோ போய் இறங்கி, சாயங்காலம் திரும்பி வந்தார். சத்தம்கூடப் போடவில்லை. "ஏம்மா, தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாமே?" என்றார். அந்த நேரம் பார்த்துக் கருவி சுத்தமாக வேலை செய்தது.

கம்பெனிக்கு எழுதினேன். "நீங்கள் குறிப்பிடும் பொருள் எங்கள் தயாரிப்புகளில் இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. அவர்கள் செய்த சாமான் என் மண்டைக்குள் இருக்கிறது அண்ணி. இல்லை என்றால் என்ன அர்த்தம்? அவர்களோடு ஒப்பந்தம் போட்டு இதைச் செய்தது உங்கள் ஆராய்ச்சி மையம்தானே. நீங்கள் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம், வீணாகக் கவலைப்படுவார்.

இப்படிக்கு,
பாப்பா


ஜனவரி 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். அந்தப் பெரியவர் விஷயத்தில் நீ மனதைப் போட்டு குழப்பிக்கொள்ளாதே. நன்றாகக் காது கேட்கிறவர்களே எத்தனை பேரைத் தவறான பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

கம்பெனி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் ஏதாவது கண்டுபிடித்தால், அதைச் செய்து கொடுக்கக் கூடிய கம்பெனியைத் தேடிப் பிடித்து இரண்டு பேரையும் ஒரு மேசையில் உட்கார வைப்பது. கல்யாணத் தரகர் என்று உன் அண்ணன் கேலி செய்வார். ஆனால் அந்தத் தரகு இல்லாவிட்டால் எங்கள் லேபில் செய்வதெல்லாம் மேசைமேல் நிற்கிற பொம்மைதான். பேராசிரியர் யோசித்தார், கம்பெனி செய்தது, மருத்துவமனை உங்கள் எட்டுப் பேருக்கும் பொருத்தியது. மூன்று பேரும் சேர்ந்ததால்தான் உனக்குக் காது வந்தது.

அந்தக் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. வாங்கியவர்களுக்கு இதயத்துக்கு வைக்கிற கருவிகள்தான் வேண்டும். காதுப் பிரிவை மூடிவிட்டார்கள் என்று இப்போதுதான் தகவல் வந்துகொண்டிருக்கிறது. பயப்படாதே. வேறொரு கம்பெனி எங்களோடு சேர ஆசைப்பட்டு வந்திருக்கிறது. பேச்சு நடக்கிறது. உன் விஷயத்தை நான் விட்டுவிட மாட்டேன்.

கருவியைத் தண்ணீர் படாமல் வைத்துக்கொள். என் மருமகளுக்கு அத்தையின் முத்தம்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 9

அண்ணிக்கு,

'இப்போதுதான் தகவல் வந்துகொண்டிருக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் எட்டுப் பேரில் எல்லோருக்கும் இளையவள், நாங்கள் சின்னவள் என்று கூப்பிடுவோமே, காதும் போய்ப் பார்வையும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வருகிறதே, அந்தப் பெண். அவளுடைய அம்மா பேராசிரியரைப் போய்ப் பார்த்திருக்கிறார். கம்பெனியின் கடிதம் போன ஜூலையிலேயே வந்துவிட்டதாம். அதைக் கூட்டத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டியவரே நீங்கள்தானாம்.

செப்டம்பரில் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று நாள் தங்கினீர்கள். என் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லா கேக்குதா பாப்பா?" என்று கேட்டீர்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன். என் எதிரில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பெரிய மனிதர்கள் வந்த அன்றைக்கு என்னை மேடையில் ஒரு திரைக்குப் பின்னால் நிறுத்தி, முன்னால் ஒருவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் கைதட்டினார்கள். எதுவோ உடைகிறது என்று பயந்து உங்கள் கையைப் பிடித்தேன். "கைதட்டுறாங்க பாப்பா, உனக்குத்தான்" என்றீர்கள். எனக்கு இல்லை அண்ணி. உங்களுக்கு வேண்டியது எங்கள் காது இல்லை. காதைக் காட்டி எடுக்கிற போட்டோ. போட்டோ எடுத்தாயிற்று, அடுத்த மாப்பிள்ளை வந்துவிட்டார், தரகர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

இப்போதெல்லாம் கருவியை வேலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் பண்ணும்போதும் மட்டும் மாட்டுகிறேன். வீட்டுக்கு வந்ததும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். மிச்சம் பிடிக்கத்தான். முந்தாநாள் மகள் என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, நான் உதட்டைப் படிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "கவுண்டர்ல நிக்கிறவங்களுக்கு எல்லாம் உன் காது. எனக்கு மட்டும் இல்ல."

ஒன்பது வயதுப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது? எழுதி அனுப்புங்கள்.

பாப்பா


மார்ச் 16

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஒரு மாதமாக உனக்குப் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாமல் இல்லை. வெறும் கையோடு எழுதக் கூடாது, ஏதாவது கொண்டுவந்து வைத்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

ஆமாம், ஜூலையிலேயே தெரியும். எல்லாவற்றையும் சரி செய்துவிட்டு, 'நடுவில் இப்படி ஒன்று வந்தது, போய்விட்டது' என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று நினைத்தேன். செப்டம்பரில் உன் எதிரில் அந்தக் கேள்வியைக் கேட்டதும், நீ 'கேட்கிறது' என்று சொல்வதைக் கேட்கத்தான். அதில் எனக்கு ஒரு தெம்பு வேண்டியிருந்தது. இதற்கு மேல் சமாதானம் சொன்னால் நீ இன்னும் கோபப்படுவாய்.

புதுக் கம்பெனியோடு போன வாரம் கூட்டம். எங்கள் இயக்குநர், பேராசிரியர், அந்தக் கம்பெனியிலிருந்து மூன்று பேர், நான். எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது தலைமுறைக் கருவி, சின்னது, இன்னும் துல்லியமானது. கடைசியில் நான் கேட்டேன்: "ஏற்கெனவே பொருத்திக்கிட்டவங்க எட்டுப் பேர் இருக்காங்க. அவங்களுக்கும் வெளிப் பாகம் செஞ்சு குடுக்கிறதா இதுல எழுதலாமா?"

அவர்களில் மூத்தவர் ரொம்ப மரியாதையான மனிதர். "மேடம், நாங்க பழைய வீட்ட வாங்கல. பக்கத்து மனையில புதுசா கட்டுறோம். அந்த வீட்டுச் சாவி எங்ககிட்ட இல்ல" என்றார். அவர் சொல்வது உண்மைதான். உள்ளே இருக்கிற பாகத்தோடு எப்படிப் பேசுவது என்ற ரகசியம் பழைய கம்பெனியின் கையில் இருக்கிறது. அவர்கள் விற்கவும் மாட்டார்கள், சும்மாவும் தர மாட்டார்கள்.

"அப்படின்னா ஒண்ணு செய்யுங்க. நாளைக்கு நீங்களும் விலகினா, அந்தச் சாவியை எங்க மையத்துக்கிட்ட குடுத்துட்டுத்தான் போகணும். அதை எழுதாம நான் இந்த ஒப்பந்தத்தை மேலே அனுப்ப மாட்டேன்" என்றேன். வெளியே வந்ததும் இயக்குநர் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அலுவலரா உக்காந்தீங்களா, நாத்தனாருக்காக உக்காந்தீங்களா?"

"ரெண்டுக்காகவும்தான் சார்."

எழுத ஒப்புக்கொண்டார்கள், பாப்பா. இனிமேல் பொருத்திக்கொள்கிற யாரையும் இப்படி நடுத்தெருவில் விட முடியாது. ஆனால் அது இனிமேல் வருகிறவர்களுக்கு. உங்கள் எட்டுப் பேருக்கு நான் வாங்கிவந்தது ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பழைய பாகத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்த முடியுமா என்று காது டாக்டரைக் கேட்டேன். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வருடத்தில் முடியலாம். உனக்கு முடியாதாம். உன் காதைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சல் உள்ளே எலும்பை இறுக வைத்துவிட்டது. முதல் தடவையே இழுத்துப் பறித்துத்தான் நுழைத்தோம், எடுத்தால் திரும்ப நுழையாது என்றார். மறைத்தது போதும் என்றுதான் இதையும் எழுதுகிறேன்.

என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடு.

அண்ணி


ஏப்ரல் 8

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. டாக்டர் சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு வாரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. திட்டவும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வந்திருந்தாள், அம்மாவோடு. அவளுடைய கருவி ஒரேயடியாக நின்று மூன்று வாரம் ஆகிறதாம். கையில் கோல் வைத்திருக்கிறாள். அவளுக்கு உலகம் இப்போது ஒரு டம்ளர் வாய் அகலம்தான்; அதற்குள் நான் முகத்தைக் கொண்டுபோய் வைத்தால்தான் நான் என்று தெரிகிறது. உள்ளங்கையில் விரலால் எழுதிப் பேசினேன். 'சாப்பிட்டாயா' என்பதற்கே எவ்வளவு நேரம் ஆகிறது. நான் எழுதி முடிப்பதற்குள் அவளே ஊகித்துத் தலையாட்டிவிடுகிறாள், பாதி நேரம் தப்பாக. இருவரும் சிரித்தோம். அவளுடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

என்ன தோன்றியதோ, என் கருவியைக் கழற்றி அவள் தலையில் மாட்டினேன். என் காதுக்கு ஏற்றபடி சத்தத்தை அளவு வைத்தது அவளுக்கு எப்படிச் சரியாகும்? முகத்தைச் சுளித்தாள். "யாரோ செவுத்தைச் சுரண்டுற மாதிரி இருக்குக்கா" என்றாள், உதட்டில் படித்தேன். சரி என்று கழற்றப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டு அந்தச் சுரண்டலைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா அவளைக் கூப்பிட்டபடியே இருந்தார். ஒரு தடவை திரும்பினாள். நிஜமாகவே கேட்டதா, தற்செயலா தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் கருவியைப் பேராசிரியர் அவளுக்கு அளவு மாற்றித் தர முடியுமா? முடியும், முடியாது, அதை மட்டும் எழுதுங்கள்.

பாப்பா


ஏப்ரல் 20

பாப்பா,

முடியும். ஆனால் நான் சம்மதிக்க மாட்டேன்.

உனக்கு எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டதால் முழுவதையும் எழுதுகிறேன். சின்னவளின் கருவி இப்போது எங்கள் லேபில் இருக்கிறது. உள்ளே சிப் கருகிவிட்டது. மைக்கும் பேட்டரிக் கூடும் நன்றாக இருக்கின்றன. உன்னுடையதில் நீ சொல்வதை வைத்துப் பார்த்தால் சிப் நன்றாக இருக்கிறது, மைக் வயரும் பேட்டரிக் கூடும்தான் போய்விட்டன. இரண்டையும் சேர்த்தால் ஒரு நல்ல கருவி கிடைக்கும், நாலைந்து வருடம் ஓடும். சேர்க்காவிட்டால் உன்னுடையது இந்த வருடத்தைத் தாண்டாது. அளவு வைக்கிற மென்பொருளுக்குப் பழைய கம்பெனி கொடுத்த அனுமதி ஜூன் கடைசியோடு முடிகிறது. அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் மாற்ற முடியாது.

அதனால் கேள்வி 'கொடுக்கலாமா' என்பது இல்லை. ஒரு கருவி, இரண்டு தலை. அது உன் தலை என்று நான் சொல்கிறேன். அவளுக்கு மூன்று வருடத்தில் புதியது வரும், உனக்கு வராது. உனக்குக் கவுண்டர் வேலை இருக்கிறது, மகள் இருக்கிறாள். சின்னவளின் அம்மாவிடம் நானே போய்க் கேட்கிறேன். காலில் விழுந்தாவது அவளுடைய கருவியை உனக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதம் வாங்கிவிடுவேன்.

உன் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. உன் கடிதம் மேசையில் இருந்தது, எடுத்துப் படித்துவிட்டார். நான் உள்ளே வந்தபோது மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஆபரேஷன் வேணாம்னு அவ பயந்தா. நான்தான் கூடப் போய்க் கையெழுத்துப் போட வச்சேன்" என்றார். அவ்வளவுதான். அவர் எதையும் இரண்டு வாக்கியத்துக்கு மேல் சொல்லி நீ பார்த்திருக்கிறாயா? இதையும் அப்படியே முடித்துவிட்டுப் போய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டார். பாத்தி நிரம்பி வாசல் வரை ஓடிவிட்டது.

எனக்காக இல்லை, அவருக்காக நான் சொல்வதைக் கேள்.

அண்ணி


மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

சின்னவளின் அம்மாவை நீங்கள் போய்ப் பார்த்ததும் தெரியும், வாயைத் திறக்காமல் திரும்பி வந்ததும் தெரியும். அவர் எழுதியிருந்தார்: "உங்க அண்ணி வந்தாங்க. தண்ணி குடிச்சாங்க. எம் பொண்ணு கையைக் கொஞ்ச நேரம் பிடிச்சிருந்தாங்க. எதுக்கு வந்தாங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லல." அதைப் படித்த பிறகு உங்கள் மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்க்கிறேன், கிடைக்க மாட்டேன் என்கிறது.

நான் தியாகி இல்லை அண்ணி. ஏப்ரல் முழுவதும் உங்கள் பக்கம்தான் பேசிக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் வேண்டும், எனக்கு வேறு வழி இல்லை, அவளுக்கு வயது இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சின்னவளின் முகவரி எழுதிய காகிதத்தைக் கண்ணில் படாத இடத்தில்கூட வைத்துப் பார்த்தேன்.

மூன்று வருடம் என்கிறீர்கள். அந்த மூன்று வருடத்தில்தான் அவளுடைய கண் முழுவதும் போகும். அதற்குள் கோலைப் பிடித்துத் தெருவில் நடக்க, தொட்டுப் படிக்கிற எழுத்தைப் படிக்க, தனியாக அடுப்பைப் பற்ற வைக்க எல்லாம் கற்றுக்கொண்டாக வேண்டும். கற்றுக்கொடுக்கிறவர் சொல்வது காதில் விழவில்லை என்றால் எப்படிக் கற்பாள்? உள்ளங்கையில் எழுதியா? எனக்குப் போனது ஒன்று. உதட்டைப் படிக்கிறேன், பேப்பர் படிக்கிறேன், உங்களோடு எழுத்தில் சண்டை போடுகிறேன். அவள் என்ன செய்வாள்?

டிப்போ மேலாளரிடம் சொன்னேன். பார்சல் பிரிவுக்கு மாற்றிவிட்டார். அங்கே சீட்டைப் படித்துப் பெட்டியை அடுக்கினால் போதும். நல்ல மனிதர். "கவுண்டர்ல உங்கள மாதிரி பொறுமைசாலி கிடைக்க மாட்டாங்கம்மா" என்றார். என் வீட்டுக்காரர் கரும்பலகை ஒன்று வாங்கிவந்து சமையலறையில் மாட்டியிருக்கிறார். முதல் நாளே 'உப்பு அதிகம்' என்று எழுதியிருந்தார். பேச்சில் இருந்தால் மறந்திருப்பேன், சுவரில் இரண்டு நாள் கிடந்தது.

மகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை. நேற்று நான் கருவியை மாட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து அது வருகிற பக்கமாக வைத்துக்கொண்டு, அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். "இன்னிக்கு முழுக்க உனக்குத்தான். என்ன வேணாலும் பேசு" என்றேன். என்ன பேசினாள் தெரியுமா? என்னைத் திட்டினாள். பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்கு வராதது, பிறந்தநாளுக்குச் சட்டையைப் பெரிதாக எடுத்தது, கூப்பிட்டால் திரும்பாதது, எல்லாம். நடுவில் அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவ்வளவு நீளமாக யாரும் என்னைத் திட்டியதில்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

ஜூன் பத்தாம் தேதி வருகிறேன். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பாப்பா


ஜூன் 14

என் பாப்பாவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. அன்றைக்கு லேபில் நீ எல்லாவற்றையும் பார்த்தாய், நான் கேட்டேன். நான் கேட்டதை உனக்கு எழுதாவிட்டால் அது பாதியிலேயே நின்றுவிடும்.

நீ கழற்றிக் கொடுத்ததும் பேராசிரியரின் ஆராய்ச்சி மாணவி அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு உன்னிடம் "மன்னிச்சிடுங்க" என்றாள். உனக்குக் கேட்காது என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. அதனால்தான் உன்னைக் கட்டிப்பிடித்தாள்.

கருவியைச் சேர்த்து, சின்னவளுக்கு மாட்டி, பேராசிரியர் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே வந்தார். நீ ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தாய். சின்னவள் திடீரென்று, "ஃபேன் ஓடுது" என்றாள். ஓடியது. பேச்சு தெளிவாகக் கேட்கட்டும் என்று பேராசிரியர் அதை நிறுத்தினார். அடுத்து, "அக்கா எங்க?" என்றாள். "அக்கா!" என்று கூப்பிட்டாள். நீ திரும்பவில்லை. இன்னும் சத்தமாக, "அக்கா, கேக்குதுக்கா!" என்றாள். நீ வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாய். உன் தோளைத் தொட வேண்டியவள் நான்தான், இரண்டடி தள்ளித்தான் நின்றேன். கை எழவில்லை பாப்பா. அந்த அறையில் ஒருவருக்கும் எழவில்லை. ஒருவரும் பேசவும் இல்லை.

அந்த அமைதிதான் தப்பாகிவிட்டது. சின்னவளுக்கு எங்கள் முகம் தெரியாதே. சத்தம் நின்றதும் கருவிதான் நின்றுவிட்டது என்று நினைத்துவிட்டாள். "நின்னுடுச்சா? நின்னுடுச்சா? யாராவது பேசுங்களேன்" என்று தலையைத் தட்ட ஆரம்பித்தாள். அவளுடைய அம்மாவுக்கு அழுகையில் குரல் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அப்போது, அதுவரை கதவோரம் நின்றிருந்த உன் அண்ணன் பேசினார். என்ன பேசுவது என்று தெரியாமல் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்தார்: "தீ விபத்து ஏற்பட்டால் லிப்டைப் பயன்படுத்தாதீர்கள். பதற்றம் அடையாதீர்கள். அருகில் உள்ள படிக்கட்டு வழியாக..." முழுவதையும் படித்தார். தீயணைப்பு நிலையத்தின் தொலைபேசி எண் வரைக்கும். சின்னவள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து நீயும் சிரித்தாய். எதற்கென்று உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

மறுநாள் புது ஒப்பந்தம் கையெழுத்தானது. சாவி விஷயம் அதில் இருக்கிறது. மேடையில் பல்கலைக்கழகமும் தொழில்துறையும் கைகோப்பது பற்றி எல்லோரும் அழகாகப் பேசினார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. கைகோத்ததால்தான் உனக்குக் கேட்டது. ஒரு கை விட்டதால்தான் நின்றது. அதை எழுந்து சொல்லலாமா என்று நினைத்து உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். உன் அண்ணன் சொல்லச் சொல்லவில்லை. உன்னை ஊருக்கு அனுப்ப பஸ் நிலையம் வரை காரில் வந்தோமே, நீங்கள் இருவரும் முன் சீட்டில், நான் பின் சீட்டில். அவர் முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு வழி முழுவதும் உன்னோடு பேசிக்கொண்டே வந்தார். உனக்குத் தெரியாது. முதலில் யாருக்கோ போன் பேசுகிறார் என்று நினைத்தேன். "நீ செஞ்சது சரிதான் பாப்பா. நான் தப்புன்னு சொல்லல. ஆனா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் யாருக்குப் போன் பண்ணுவேன்? இந்த அஞ்சு வருஷமா உனக்குப் பண்ணி, பண்ணி... அந்த நேரத்துல நான் என்ன பண்ணுவேன்?" அதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

உன்
அண்ணி


ஜூன் 22

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தை மகள் என் மடியில் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து படித்தாள். தீ விபத்து வரை சிரித்தாள். அண்ணன் காரில் பேசிய இடத்தில் எழுந்து போய்விட்டாள்.

பார்சல் பிரிவில் வேலை பரவாயில்லை. முதுகுதான் பிடித்துக்கொள்கிறது. பெட்டிகள் விழுந்தால் தரை அதிர்வதில் தெரிகிறது. மற்றபடி நாள் ரொம்ப நீளமாக இருக்கிறது. சின்னவளின் அம்மா எழுதியிருந்தார், அவள் தெருமுனைக் கடைக்குக் கோலோடு தனியாகப் போய் வந்தாளாம். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். படித்துவிட்டு அழவும் அழுகிறேன். இரண்டும் நடக்கிறது அண்ணி, என்ன செய்வது.

அண்ணனிடம் எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிற நேரத்துக்குக் கிளம்பினால் இங்கே வர ராத்திரியாகிவிடும். காலையில் முதல் பஸ்ஸுக்கே ஏறச் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை வந்தாலும் போதும். எதிரில் உட்கார்ந்து, வெளிச்சம் முகத்தில் படுகிற மாதிரி, மெதுவாகப் பேசச் சொல்லுங்கள். மீசையை ஒட்ட வெட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவர் மேலுதடு எனக்குத் தெரிய வேண்டும்.

பாப்பா